பாதையில்லாத ஆர்க்டிக்கில் நண்பர்களோடு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாஸ்காவின் வடக்கே, புரூக்ஸ் மலைத்தொடரில், 'கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்' என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. முதுகுப்பை மாட்டிக்கொண்டு, கூடாரம் சுமந்து, நண்பர்களாகச் சேர்ந்து அங்கே நடக்கலாம் என்று நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இவை.

அங்கே என்னதான் இருக்கிறது?

என்ன இல்லை என்று சொல்வது சுலபம். சாலை இல்லை, நடைபாதை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, பாலம் இல்லை, கூடாரம் போட ஒதுக்கிய இடம் இல்லை, தொலைபேசி சிக்னல் இல்லை. பூங்காவும் அதை ஒட்டிய காப்பகமும் சேர்ந்து ஏறக்குறைய 34,000 சதுர கிலோமீட்டர், அதாவது கேரளத்தைவிடச் சற்றே சிறியது. அது முழுவதுமே ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே கிடக்கிறது. ஆண்டு முழுக்க வருபவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். அவர்களிலும் பலர் விமானத்தில் வந்து இறங்கி, சில மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்.

பூங்காவின் பெயர் பாப் மார்ஷல் வைத்தது. அமெரிக்க வனவியலாளரான அவர் 1929-இல் முதல்முறையாக இங்கே வந்து, பிறகு வைஸ்மன் என்ற சிறு ஊரில் ஓராண்டுக்கு மேல் தங்கினார். வடகிளை கொயுகுக் ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே நிற்கும் ஃப்ரிஜிட் க்ராக்ஸ், போரியல் மவுன்டன் என்ற இரண்டு சிகரங்களைப் பார்த்து, ஆர்க்டிக்கின் வாசல் என்ற பொருளில் அவர் வைத்த பெயர்தான் 1980-இல் தேசியப் பூங்கா ஆனபோது முழு நிலப்பரப்புக்கும் ஆனது.

சாலை இல்லை என்றால் எப்படிப் போவது?

பெரும்பாலும் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்துதான். அங்கிருந்து மூன்று வகை உண்டு.

முதலாவது, அனாக்டூவுக் பாஸ் என்ற கிராமத்துக்குச் சிறு விமானத்தில் போய் இறங்கி, ஓடுதளத்திலிருந்தே நடக்கத் தொடங்குவது. குறித்த நேரத்தில் பறக்கும் பயணிகள் விமானம் என்பதால் செலவு குறைவு. இரண்டாவது, பெட்டில்ஸ் என்ற சிற்றூர் வரை போய், அங்கிருந்து மிதவை பொருத்திய விமானத்தை வாடகைக்கு எடுத்து, ஏதாவது ஓர் ஏரியில் இறங்குவது. அரிகெட்ச் சிகரங்களைப் பார்க்கப் போகிறவர்கள் பலரும் அலட்னா பள்ளத்தாக்கில் உள்ள சர்க்கிள் ஏரியில் இப்படித்தான் இறங்குகிறார்கள். மூன்றாவது, டால்டன் நெடுஞ்சாலை. எண்ணெய்க் குழாய்க்காக 1974-இல் போட்ட 666 கிலோமீட்டர் சாலை இது, பெரும்பகுதி சரளை. ஃபேர்பேங்க்ஸிலிருந்து சுமார் 400 கிலோமீட்டரில் கோல்ட்ஃபுட் என்ற லாரி நிறுத்தம் வரும். அதற்கு வடக்கே எங்காவது வண்டியை விட்டு இறங்கி மேற்கே நடந்தால் சில கிலோமீட்டரில் பூங்கா எல்லை. ஆனால் அந்தச் சில கிலோமீட்டருக்குள்ளேயே ஆறு குறுக்கிடும். வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை நன்றாகப் படியுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இந்தச் சாலையில் ஓட்ட அனுமதிப்பதில்லை.

முதல்முறை போகும் குழுவுக்கு நான் சொல்வது அனாக்டூவுக் பாஸ்தான். மரங்களுக்கு வடக்கே, திறந்த பள்ளத்தாக்கு. எந்தப் பக்கம் பார்த்தாலும் தூரம் தெரியும், தப்பான பள்ளத்தாக்கில் நுழைந்துவிடும் வாய்ப்பு குறைவு. ஏதாவது சரியில்லை என்றால் திரும்பி நடந்தால் ஊர் இருக்கிறது. ஏரியில் இறக்கிவிட்டுப் போகும் விமானத்தில் இந்த வசதி கிடையாது.

அனுமதிச் சீட்டு? கட்டணம்?

தனியாகவோ நண்பர்களாகவோ நடக்கப் போகிறவர்களுக்கு இரண்டுமே இல்லை. ஆனால் கோல்ட்ஃபுட், பெட்டில்ஸ், ஃபேர்பேங்க்ஸ் இவற்றில் ஒன்றில் பூங்கா அலுவலர்களைப் பார்த்து, போகும் வழியையும் திரும்பும் நாளையும் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த வாரம் எந்த ஆறு எப்படி ஓடுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இந்தியக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்கு அமெரிக்கச் சுற்றுலா விசா வேண்டும். அதன் நேர்காணல் தேதிக்குக் காத்திருக்கும் காலத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை. மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அனாக்டூவுக் பாஸ் பக்கம் சூரியன் மறைவதே இல்லை. இரவு பதினோரு மணிக்கும் நடக்கலாம், காலை பதினொன்றுக்கும் எழலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அதே ஜூன் கடைசி, ஜூலையில்தான் கொசுவும் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்ட் நடுவில் கொசு பெரிதும் ஓய்ந்துவிடும், துந்திரா முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகும், கடைசி வாரத்தில் இருட்டு திரும்பிவிடுவதால் துருவ ஒளியும் கண்ணில் படலாம். பதிலுக்கு மழை, குளிர், பனித்தூறல். எந்த மாதமானாலும் பனி விழலாம் என்பதை நினைவில் வையுங்கள். நான் ஆகஸ்ட் கட்சி.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கலாம்?

எட்டிலிருந்து பத்து. இந்தப் பதிலைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "நாங்கள் மலையில் ஒரே நாளில் இருபத்தைந்து நடந்தவர்கள்" என்பார்கள். நடந்திருக்கலாம். அது பாதையில்.

இங்கே பாதை கிடையாது என்பது ஏதோ அழகுக்குச் சொல்வதல்ல. பள்ளத்தாக்கின் அடியில் நிற்கும் வில்லோ புதர் ஆள் உயரம், சில இடத்தில் அதைவிட உயரம். முதுகுப்பை கிளையில் மாட்டும், நடைக்கோல் வேரில் மாட்டும். ஒரு மணி நேரம் போராடி வெளியே வந்து வரைபடத்தைப் பார்த்தால் அரை கிலோமீட்டர் தாண்டியிருக்க மாட்டீர்கள். புதருக்கு மேலே ஏறினால் டஸ்ஸக். பருத்திப் புல் ஆண்டாண்டாக ஒரே இடத்தில் வளர்ந்து முழங்கால் உயரத்துக்குத் திரண்ட மேடுகள் அவை. கோரைக் கட்டுகளை வரிசையில்லாமல் நட்டு, நடுவில் சேற்றை ஊற்றிவிட்டது போல இருக்கும். மேலே கால் வைத்தால் சாயும், நடுவே வைத்தால் புதையும். கணுக்கால் பிசகுவதெல்லாம் இங்கேதான். அடியில் நிலம் ஆண்டு முழுக்க உறைந்தே கிடப்பதால் உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்குகிறது. மலைச்சரிவிலும் சதுப்பு இருப்பது அதனால்தான்.

அப்புறம் எங்கேதான் நடப்பது? ஆற்றோரச் சரளைத் திட்டுகள் நல்ல இடம். மலைத்தோளில் புதர் முடிந்து பாறை தொடங்கும் உயரம் இன்னும் நல்ல இடம். காரிபூ மான்கள் போட்ட ஒற்றையடித் தடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், அது பெரும்பாலும் சரியான இடத்தில்தான் போகும். வரைபடத்தில் நேர்கோடு போட்டு நடந்தவர்களைவிட ஏறி, சுற்றி நடந்தவர்கள் எப்போதும் முன்னாலேயே போய்ச் சேருகிறார்கள்.

கணக்கு இப்படிப் போடுங்கள். பத்து நாள் பயணம் என்றால் ஏழு நாள் நடை. மீதி மூன்று நாள் மழைக்கும் ஆற்றுக்கும் காலுக்கும். அந்த மூன்று நாளும் மிச்சமானால் ஏதாவது பக்கப் பள்ளத்தாக்கில் சுமையில்லாமல் சுற்றுங்கள்.

எத்தனை பேர் போகலாம்? யாரை அழைத்துப் போவது?

நான்கு பேர் என்பது என் கணக்கு. இரண்டிரண்டு பேருக்கு ஒரு கூடாரம். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க, இருவர் உதவிக்குப் போகலாம். வாடகை விமானத்துக்குப் பணம் ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் விமானத்துக்கு இவ்வளவு என்பதால், நிறைத்துக்கொண்டு போனால் தலைக்குச் செலவு குறையும். ஏழு, எட்டு என்று போனால் முடிவெடுக்கவே பாதி நாள் போய்விடும்.

யாரை என்பதுதான் பெரிய கேள்வி. உடற்பயிற்சிக் கூடத்தில் எவ்வளவு தூக்குகிறார் என்று பார்க்காதீர்கள். "எனக்குக் கால் வலிக்கிறது, நிறுத்தலாம்" என்று காலையிலேயே வாய்விட்டுச் சொல்கிறவரா என்று பாருங்கள். ரோஷத்தில் மாலை வரை சொல்லாமல் வந்து, மறுநாள் எழ முடியாமல் கிடப்பவர்தான் இந்த நிலத்தில் ஆபத்தான ஆள். அதேபோல, கொடுத்த பணத்துக்கு சிகரத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று நிற்பவர். அவர் நல்ல நண்பராக இருக்கலாம். வேறு பயணத்துக்கு அழைத்துப் போங்கள்.

புறப்படுவதற்கு முன்பே, ஊரில் உட்கார்ந்து, மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். வேகம் குழுவில் மெதுவாக நடப்பவருடைய வேகம்தான், அவர் முன்னால் நடப்பார். ஆற்றைக் கடக்க ஒருவர் பயந்தாலும் அன்று யாரும் கடக்கப் போவதில்லை, காரணம் கேட்கக் கூடாது. திரும்ப வேண்டிய நாள் எது என்று முதலிலேயே எழுதிக்கொள்வது. களைத்து, நனைந்து, பசியோடு நிற்கும்போது பேசினால் இந்த மூன்றில் எதுவும் பேச்சாக முடியாது, சண்டையாகத்தான் முடியும். ஒரே கூடாரத்தில் இரண்டு நாள் மழைக்கு அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு இது புரியும்.

ஒத்திகையாக ஒரு மழைக்கால மலைப்பயணம் சேர்ந்து போய்ப் பார்ப்பது நல்லது. வெயில்கால நடை எதையும் காட்டிக்கொடுக்காது.

பாலமில்லாத ஆற்றை எப்படிக் கடப்பது?

முதலில் கால் நனையாமல் இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். தினமும் நனையும். செருப்பு மாற்றிக்கொண்டு நிற்காமல், போட்ட ஷூவோடே இறங்குவதுதான் வழக்கம். உருண்டைக் கல்லில் வெறுங்கால் நிற்காது, நீரோ சில நிமிடத்தில் பாதத்தை மரத்துப்போகச் செய்யும்.

இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட்டு இறங்குங்கள். விழுந்தால் பையை உதறிவிட வேண்டும். ஒரே ஓடையாக ஆழமாகப் போகும் இடத்தை விட்டு, ஆறு பல கிளையாகப் பிரிந்து அகலமாக ஓடும் இடத்தைத் தேடுங்கள். வரைபடத்தில் குறுகலாகத் தெரியும் இடம்தான் ஆழமான இடம். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, ஒருவர் பின் ஒருவராக முன்னாலிருப்பவர் பையைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நகருங்கள். கனமான ஆள் முன்னால். தொடைக்கு மேல் வேகமான நீர் என்றால் திரும்பிவிடுங்கள்.

உறைநிலம் மழையை உறிஞ்சாது. பெய்தது அப்படியே ஆற்றுக்கு ஓடுவதால், காலையில் முழங்கால் அளவு ஓடிய ஓடை மாலையில் இடுப்பளவு ஆகும். அதே காரணத்தால், மழை நின்றால் இறங்குவதும் வேகம்தான். ஆகவே இந்த ஊரில் ஆறு கடக்கும் திறமை என்பது பெரும்பாலும் கரையில் கூடாரம் போட்டு, தேநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கும் திறமை. ஏற்கெனவே சொன்ன மூன்று உபரி நாள் இதற்குத்தான்.

கரடி?

உண்டு. கிரிஸ்லி என்ற பழுப்புக்கரடி எங்கும் உண்டு, தெற்கே மரமுள்ள பகுதியில் கருங்கரடியும் உண்டு. உணவு குறைவான நிலம் என்பதால் ஒவ்வொரு கிரிஸ்லிக்கும் சுற்றித் திரியப் பெரிய பரப்பு வேண்டியிருக்கிறது. எனவே நெருக்கமாக இல்லை, ஆனால் எந்த வளைவிலும் ஒன்று இருக்கலாம்.

கரடியைத் திடுக்கிட வைக்காமல் இருப்பதுதான் பாதி வேலை. புதருக்குள் நுழைந்தால் பேசிக்கொண்டே போங்கள், பாடத் தெரிந்தவர் பாடலாம், தெரியாதவர் பாடினால் இன்னும் நல்லது. ஆற்றிரைச்சலில் உங்கள் சத்தம் அதற்குக் கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள். கண்ணில் பட்டால் எல்லோரும் ஒன்றாக நெருங்கி நில்லுங்கள், அமைதியான குரலில் பேசுங்கள், மெல்லப் பின்வாங்குங்கள். ஓடக் கூடாது, யாரும், ஒருபோதும். கரடி ஸ்ப்ரே, அதாவது கரடியின் கண்ணை எரிய வைக்கும் மிளகாய்ச்சாற்றுத் தெளிப்பான், ஒவ்வொருவர் இடுப்பிலும் இருக்க வேண்டும். பைக்குள் இருப்பது இல்லாததற்குச் சமம். அதன் வீச்சு பத்து மீட்டருக்குள்தான், எதிர்காற்றில் உங்கள் முகத்துக்கே வரும்.

பெரிய பயணிகள் விமானத்தில் இந்த ஸ்ப்ரேயைக் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி கொண்டுபோக முடியாது. அடுப்பு எரிபொருளும் அப்படியே. இரண்டையும் அலாஸ்காவிலேயே வாங்கி, சிறு விமானத்தில் ஏறும்போது விமானியிடம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். மிதவை விமானத்தில் அவர் ஸ்ப்ரேயை மிதவைக்குள் இருக்கும் அறையில் வைத்துக்கொள்வார். ஆட்கள் உட்காரும் இடத்தில் ஸ்ப்ரே கசிந்தால் விமானி கண்ணைத் திறக்க முடியாது.

சாப்பாட்டை எப்படிப் பாதுகாப்பது? என்ன கொண்டுபோவது?

கரடி திறக்க முடியாத டப்பா இந்தப் பூங்காவில் கட்டாயம். மரமே இல்லாத இடத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட முடியாது அல்லவா. பூங்கா அலுவலகங்களில் இலவசமாக இரவல் தருகிறார்கள். ஒரு டப்பா ஒரு கிலோவுக்கு மேல் எடை, ஒருவருக்கு ஐந்தாறு நாள் உணவு கொள்ளும். பற்பசை, சோப்பு, உதட்டுக் களிம்பு, குப்பை என வாசனையுள்ள எல்லாமே அதற்குள்தான். சமைக்கும் இடம், டப்பா வைக்கும் இடம், தூங்கும் இடம் மூன்றும் ஒன்றுக்கொன்று நூறு மீட்டர் தள்ளி.

ஆளுக்கு நாளொன்றுக்கு 700 முதல் 900 கிராம் உலர் உணவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவல், வறுத்த ரவை, உடனடி சாதம், பருப்புப்பொடி, நெய், கொட்டைகள், சாக்லேட். வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் போதும் என்ற வகை மட்டும். பெருங்காயம் போட்ட பொடிகள் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். மூடிய டப்பாவிலிருந்தும் மணக்கும் ஒரே பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

கடைசி இரண்டு மூன்று நாள் உணவைத் தனியாகக் கட்டி, தொடாமல் வையுங்கள். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் வருகிறது.

கொசு அவ்வளவு மோசமா?

ஆமாம். தலைவலை, அடர்த்தியான நெசவில் முழுக்கைச் சட்டை, டீட் அல்லது பிகாரிடின் உள்ள கொசுவிரட்டிக் களிம்பு. காற்றடிக்கும் சரளைத் திட்டில் கூடாரம் போட்டால் நிம்மதி, ஆனால் நீர்மட்டத்திலிருந்து நல்ல உயரத்தில் போடுங்கள். காரிபூக்களும் கொசுவுக்குப் பயந்து காற்று வீசும் மேட்டுக்கும் பனித்திட்டுக்கும்தான் ஏறுகின்றன.

உடை?

பருத்தி வேண்டாம், உள்ளாடைகூட. கோடையில் பகலில் 10 முதல் 20 டிகிரி, இரவில் உறைநிலைக்கு அருகே. கடுங்குளிரைவிட ஐந்து டிகிரியில் நாள் முழுக்கப் பெய்யும் மழைதான் உடல் வெப்பத்தைப் பறிக்கும். நல்ல மழைச்சட்டை, கம்பளி உள்ளாடை, தூங்க மட்டும் ஒரு ஜோடி உலர்ந்த காலுறை. அந்தக் காலுறையை எந்தக் காரணத்துக்காகவும் பகலில் போடாதீர்கள். விடியாத இரவுக்கு அல்ல, இருட்டாத இரவுக்குக் கண்கட்டு ஒன்று.

ஆற்றுநீரைக் குடிக்கலாமா?

வடிகட்டியோ கொதிக்க வைத்தோ குடியுங்கள். வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா கிருமி இங்கும் உண்டு. இப்போது புதிதாக இன்னொன்று. புரூக்ஸ் மலைத்தொடரில் சில ஓடைகள் ஆரஞ்சு நிறமாகிவிட்டன. உறைநிலம் இளகுவதால், காலங்காலமாகப் பூட்டிக் கிடந்த கனிமங்களில் காற்றும் நீரும் பட்டு, இரும்பும் பிற உலோகங்களும் அமிலமும் ஓடையில் கலக்கின்றன. 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று வட அலாஸ்காவில் 75 ஓடைகளை இப்படிப் பட்டியலிட்டது. சாதாரண வடிகட்டி கரைந்த உலோகத்தை எடுக்காது. கல்லில் துருப் படிந்த ஓடையை விட்டு, தெளிந்த பக்க ஓடைக்குப் போங்கள்.

வழி தவறாதா?

காகித வரைபடமும் திசைகாட்டியும் தெரிந்தவர் குறைந்தது இருவர் வேண்டும். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பழைய அலாஸ்கா வரைபடங்கள் 1:63,360 அளவில், ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல். காந்த ஊசி இங்கே உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 15 டிகிரி கிழக்கே விலகி நிற்கும். தமிழ்நாட்டில் இந்த விலகல் மிகச் சொற்பம் என்பதால் நம்மில் பலருக்கு அதைக் கணக்கிடும் பழக்கமே இருக்காது. பழகிக்கொண்டு வாருங்கள்.

அடிபட்டால்?

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒரே பையில் அல்ல. உதவி கேட்டால் வரும், ஆனால் மேகம் விலகினால்தான் வரும். அது நாளைக்கோ நாளை மறுநாளோ இருக்கலாம். ஆகவே காட்டு முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும், வான்வழி மீட்பை உள்ளடக்கிய காப்பீடு எல்லோருக்கும் வேண்டும்.

அங்கே மனிதர்கள் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். 'ஆளில்லா நிலம்' என்று எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அனாக்டூவுக் பாஸ் நுனாமியுட் மக்களின் ஊர். இனுபியாட் மக்களில் கடற்கரையில் அல்லாமல் உள்நாட்டில் காரிபூவை நம்பி வாழ்ந்தவர்கள் இவர்கள். நாடோடிகளாக இருந்தவர்கள் 1940-களின் இறுதியில் இங்கே நிலைகொண்டார்கள். ஊரில் அவர்கள் வரலாற்றைச் சொல்லும் சைமன் பானியாக் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. நடையைத் தொடங்கும் முன் அங்கே ஒரு மணி நேரம் செலவிடுங்கள். ஊரைச் சுற்றிய நிலத்தில் அவர்களுக்குச் சொந்தமானதும் உண்டு, எங்கே கூடாரம் போடலாம் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பூங்காவை உருவாக்கிய சட்டமே உள்ளூர் மக்களின் வேட்டையை அனுமதிக்கிறது. வேட்டை அவர்களுக்குச் சாப்பாடு. வலசை வரும் காரிபூக் கூட்டத்தின் முன்னோடிகளைத் தொந்தரவு செய்யாமல் போகவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். முன்னால் போவது மிரண்டால் பின்னால் வரும் மொத்தக் கூட்டமும் வேறு வழியில் திரும்பிவிடும். ஆகவே காரிபூ வரும் காலத்தில் கணவாயின் நடுவே பளிச்சென்ற கூடாரத்தை நட்டு வைக்காதீர்கள்.

கழிப்பிடம்? டிரோன்? மீன்பிடி?

ஆற்றிலிருந்து தள்ளி, பதினைந்து சென்டிமீட்டர் குழி தோண்டுங்கள். காகிதத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள், குளிரில் அது மக்காது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் டிரோனுக்குத் தடை. மீன்பிடிக்க அலாஸ்கா மாநில உரிமம் வேண்டும், கிரேலிங் நன்றாகக் கிடைக்கும்.

திரும்ப அழைத்துப்போக விமானம் குறித்த நாளில் வரவில்லை என்றால்?

பதற்றப்படாதீர்கள், இது அடிக்கடி நடக்கும். இந்தச் சிறு விமானங்கள் கண்ணால் பார்த்து ஓட்டப்படுபவை, கணவாயில் மேகம் இறங்கினால் வர மாட்டா. வராத விமானிதான் நல்ல விமானி. சொன்ன இடத்தை விட்டு நகராமல் இருங்கள், கருவியில் செய்தி அனுப்புங்கள், தொடாமல் வைத்த உணவைப் பிரியுங்கள். ஃபேர்பேங்க்ஸிலிருந்து கிளம்பும் பெரிய விமானத்துக்கான சீட்டைக் குறைந்தது மூன்று நாள் தள்ளியே பதிவு செய்யுங்கள். அலுவலகத்தில் விடுப்பு கேட்கும்போதும் அந்த மூன்று நாளைச் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.